உரலுக்குள் யார் தலை?

மோர்ட்டார் என்ற ஆயுதத்துக்குத் தமிழில் பெயர் வைக்க வேண்டுமானால் 'உரல்' என்று தான் வைக்க வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் அது தான். ஒரு குட்டைக் குழாய், அடியில் இரும்புத் தட்டு, முன்னால் இரண்டு கால். குண்டை வாய் வழியாக உள்ளே போட்டால் அடியில் உள்ள ஊசியில் இடித்து, வெடித்து, ஆகாயத்தை நோக்கி எழும்பி, வளைந்து திரும்பி, தலைக்கு மேலிருந்து விழும். 1915இல், முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டைக்காக வில்ஃபிரட் ஸ்டோக்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செய்து கொடுத்த வடிவம் பெரிய மாற்றமில்லாமல் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியப் படையில் 51, 81, 120 மில்லிமீட்டர் என்று அளவுக்கேற்ப வைத்திருக்கிறார்கள். 81 மில்லிமீட்டர் குண்டு ஒன்று நாலு கிலோவுக்கு மேல் எடை. ஈழத்துச் சனங்கள் இதை 'ஷெல்' என்றார்கள், 'எறிகணை' என்றார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த ஆயுதத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. துப்பாக்கி பிடித்தவன் எதிரில் நிற்பவனைப் பார்த்துத் தான் சுட வேண்டும். மோர்ட்டார்காரன் பார்க்க வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைத் தூரத்தையும் கோணத்தையும் கணக்குப் போட்டு அடிக்கலாம். வேறொருவன் எங்கேயோ உட்கார்ந்து "கொஞ்சம் இடது, இன்னும் அம்பது மீட்டர்" என்று சொல்வான். விழுந்தது யார் வீட்டில் என்பது குண்டு போட்டவனுக்குத் தெரியாமலே போகலாம். கண்ணுக்குப் படாதவர்களைத் தொலைவிலிருந்து அடிக்கிற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. சாதியும் அப்படித் தான் வேலை செய்கிறது. அடித்தவனுக்கு அடித்தது தெரியாது, விழுந்தவனுக்கு மட்டும் தெரியும்.

ஓர் அரசு இந்த உரலை வாங்கவும் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கும்போது அதில் அறம் சார்ந்த கேள்வி ஏதும் உண்டா? 'அது வல்லுநர்கள் விவகாரம், தேசப் பாதுகாப்பு' என்று சொல்லி நம் வாயை அடைத்துவிடுகிறார்கள். நம்மில் பலரும் அடைத்துக்கொண்டு விட்டோம். தலித் அரசியல் இட ஒதுக்கீட்டைப் பேசியிருக்கிறது, பஞ்சமி நிலத்தைப் பேசியிருக்கிறது, வன்கொடுமையைப் பேசியிருக்கிறது. இராணுவ வரவுசெலவைப் பேசியது குறைவு. அது நம் வீட்டுக் கணக்கு இல்லை என்ற நினைப்பு இருக்கிறது. நம் வீட்டுக் கணக்கு தான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

1. பற்றாக்குறையை எண்ணத் தெரிந்த அரசு

இந்த நாட்டில் ஆயுதம் வாங்குவதைப் பற்றி விவாதமே நடந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1986இல் 1,437 கோடி ரூபாய்க்கு வாங்கிய போஃபர்ஸ் பீரங்கி ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது. 2016இல் ஒப்பந்தமான 36 ரஃபேல் விமானங்கள் ஒரு பொதுத் தேர்தல் முழுக்கப் பேசப்பட்டன. ஆனால் பேசியது என்ன? யார் தரகன், எத்தனை கோடி தரகு, யாருக்கு ஒப்பந்தம் என்பது தான். தரகு வாங்காமல் வாங்கியிருந்தால் எல்லாம் சரி என்பது தான் அந்த விவாதத்தின் உள்ளர்த்தம். பீரங்கி யார் மேல் விழும், அந்தப் பணம் எந்தப் பானையிலிருந்து எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. மோர்ட்டார் விஷயத்தில் அந்தத் தரகு விவாதம் கூடக் கிடையாது. அது மலிவான ஆயுதம். மலிவானது என்பதால் செய்தியாகாது. செய்தியாகாததால் அதிகமாகப் பயன்படும்.

இராணுவம் தன் பற்றாக்குறையை எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். கடும் சண்டை நாற்பது நாள் நடந்தால் எவ்வளவு வெடிபொருள் வேண்டுமோ அவ்வளவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2015 மே மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2013 மார்ச் நிலவரப்படி 170 வகை வெடிபொருட்களில் 85 வகை பத்து நாளைக்குக் கூடக் காணாது என்றது அது. நாடே பதறியது. 2017இல் வந்த அடுத்த அறிக்கை, 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகைகளில் 61 வகை இன்னும் பத்து நாள் கணக்குக்குக் கீழே தான் கிடக்கிறது என்றது. மறுபடியும் பதற்றம். அந்த ஆண்டே 46 வகை வெடிபொருட்களை நேரடியாக வாங்கிக்கொள்ள இராணுவத் துணைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 2020இல் லடாக்கில் மோதல் வந்தபோது, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 300 கோடி வரை வழக்கமான நடைமுறைகளைச் சுருக்கி அவசரமாக வாங்கலாம் என்றார்கள்.

இதில் எது பொய், எது மெய் என்று நான் வாதாட வரவில்லை. பத்து நாளைக்குக் குண்டு இல்லாமல் ஒரு சிப்பாயைப் பனிமலையில் நிறுத்துவது அநியாயம் தான். அந்தச் சிப்பாய் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஓர் அரசுக்கு மனசிருந்தால் பற்றாக்குறையை வகை வகையாக எண்ணத் தெரிகிறது. நாள் கணக்கில் அளக்கத் தெரிகிறது. எண்ணி முடித்ததும் 'இது அவசரம்' என்று சொல்லத் தெரிகிறது. சொன்னதும் சட்டத்தை வளைத்தாவது வாங்கத் தெரிகிறது.

இதே அரசு, இதே காலத்தில், இன்னொரு பற்றாக்குறையை எப்படி எண்ணியது?

மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் சட்டம் 1993இல் வந்தது. போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம். 1993 முதல் சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அரசின் கணக்கிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குழிக்குள் செத்திருக்கிறார்கள். கையால் மலம் அள்ளுவோர் என்று 58,098 பேரை அரசே அடையாளம் கண்டது. அதில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். இதற்கு மேல் என்ன ஆய்வு வேண்டும்?

இவர்களுடைய மறுவாழ்வுத் திட்டத்துக்கு 2014-15, 2015-16 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒரு ரூபாய் கூடப் புதிதாக விடுவிக்கப்படவில்லை. அதே ஆண்டுகளில் தான் நாடு பத்து நாள் வெடிமருந்துக் கணக்கைப் பேசிப் பதறிக்கொண்டிருந்தது. பின்னால் 'நமஸ்தே' என்ற பெயரில் எந்திரமயமாக்கும் திட்டம் வந்தது. நாடு முழுமைக்கும், நாலு வருசத்துக்கும் சேர்த்து அதற்குச் சுமார் 350 கோடி. 2025-26க்கான பாதுகாப்பு அமைச்சக ஒதுக்கீடு 6 லட்சத்து 81 ஆயிரம் கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,860 கோடி வருகிறது. சாக்கடைக்குள் மனிதனை இறக்காமலிருக்க நாலு வருசத்துக்கு வைத்த பணம், பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நாலரை மணி நேரச் செலவு. காலையில் கடை திறந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடும்.

இந்த ஒப்பீட்டை மலிவானது என்று சொல்கிறவர்கள் உண்டு. இராணுவ ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் சம்பளமும் ஓய்வூதியமும் தானே, மோர்ட்டாருக்குப் போவது எத்தனை துளி என்று கேட்பார்கள். நியாயம் தான். மோர்ட்டாருக்குப் போவது துளி. ஆனால் அந்தத் துளிக்கு இருக்கும் 'அவசரம்' என்ற முத்திரை நம்முடைய துளிக்கு ஏன் இல்லை? விசவாயு அறியும் கருவிக்கும் பாதாளச் சாக்கடை அடைப்பெடுக்கும் எந்திரத்துக்கும் என்றைக்காவது 'அவசரக் கொள்முதல்' அறிவித்தார்களா? எந்த நகராட்சியிலாவது 'பத்து நாளைக்குத் தேவையான பாதுகாப்புக் கவசம் கையிருப்பில் இல்லை' என்று ஓர் அறிக்கை வந்து தேசம் பதறியதா? தொகையைக் காட்டிலும் இந்தப் பதற்றத்தின் விநியோகம் தான் சாதியை அப்பட்டமாகக் காட்டுகிறது.

2. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

"சேரி பத்திரமா இருக்கணும்னா முதல்ல எல்லை பத்திரமா இருக்கணும்ல?" கூட்டங்களில் நம் இளைஞர்களே கேட்கிற கேள்வி இது. அப்படியானால் எல்லைக்கே போவோம். அங்கே மோர்ட்டார் யார் தலையில் விழுகிறது?

ஜம்மு பகுதியில் ஆர்.எஸ். புரா, சுசேத்கர், அர்னியா என்று பாகிஸ்தானின் சியால்கோட்டுக்கு எதிரே வரிசையாகக் கிராமங்கள். நெல் விளைகிற மண். பட்டியல் சாதியினர் கணிசமாக வாழ்கிற பகுதி. சுசேத்கர் இன்றைக்குத் தனித் தொகுதி. 1947 பிரிவினையில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த அகதிகள் ஜம்மு, சம்பா, கத்துவா எல்லையோரங்களில் தான் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களுக்கு அந்த மாநிலத்தில் நிரந்தரக் குடியுரிமைச் சான்று கிடையாது. மாநில அரசு வேலை கிடையாது. சட்டமன்றத்துக்கு ஓட்டு கிடையாது. 2019இல் மாநில அந்தஸ்தையே பறித்த அந்த நடவடிக்கையின் பின்னால் தான் இவர்களுக்கு உரிமை வந்தது. 2024இல் தான் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். 1957இல் துப்புரவு வேலைக்கென்று பஞ்சாபிலிருந்து ஜம்முவுக்குக் கூட்டிவரப்பட்ட வால்மீகிகளின் கதையும் இதே தான். துப்புரவு வேலை தவிர வேறு அரசு வேலைக்கு அவர்கள் பிள்ளைகள் போக முடியாது என்றே அறுபது ஆண்டுகள் வைத்திருந்தார்கள்.

குண்டு விழும்போது அந்த எல்லைக் கிராமம் 'தேசத்தின் மண்'. ஓட்டுக்கும் வேலைக்கும் அந்தச் சனம் 'வெளியாள்'. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நம் கிழவிகள் சொல்வது இவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

2017இல் தான் இந்த எல்லை மாவட்டங்களில் பொதுமக்களுக்கு 14,460 பதுங்குகுழிகள் கட்ட ஒன்றிய அரசு 415 கோடி ஒதுக்கியது. ஒரு குழிக்கு மூன்று லட்சத்துக்கும் குறைவு. அந்த ஆண்டின் இராணுவ ஒதுக்கீடு, ஓய்வூதியம் நீங்கலாகவே, இரண்டரை லட்சம் கோடிக்கு மேல். எல்லையில் குண்டு விழுவது 2017இல் தொடங்கியதா? பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கூட அல்ல, தலைமுறை தலைமுறையாக விழுந்துகொண்டிருந்தது. குண்டு போடுவதற்கான குழாய் எப்போதும் முதலில் வரும். குண்டிலிருந்து ஒளிவதற்கான குழி கடைசியில் வரும். 2025 மே மாதச் சண்டையில் பூஞ்ச் நகரத்தில் மட்டும் குழந்தைகள் உட்படப் பத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள் பாகிஸ்தான் தரப்புக் குண்டுவீச்சில் இறந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்த குண்டிலும் செத்தவர்கள் நம்மைப் போன்ற சனங்களாகவே இருப்பார்கள். சியால்கோட்டுப் பக்கத்திலும் தெருக்கூட்டுகிறவர்கள் சாதி பார்த்துத் தான் தெருக்கூட்டுகிறார்கள், மதம் மாறிய பிறகும்.

இன்னொன்றையும் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்திய அரசின் கணக்குப்படி 2020இல் மட்டும் 5,133 முறை பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை மீறியது. 46 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 25இல் இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் தொலைபேசியில் பேசிக் கூட்டறிக்கை விட்டார்கள். அதன் பிறகு நாலு வருசத்துக்கு எல்லையில் குண்டுச் சத்தம் ஏறக்குறைய நின்றே போனது. விவசாயி முள்வேலி வரை போய் நெல் அறுத்தான். 2003 நவம்பரிலும் அப்படித் தான் நின்றது. 2025 மே 10இல் மறுபடி நின்றதும் ஒரு தொலைபேசிப் பேச்சில் தான்.

மோர்ட்டாரை நிறுத்தியது இன்னும் நல்ல மோர்ட்டார் அல்ல. எதிராளியும் பலமாக இருந்ததால் தான் பேச்சுக்கு வந்தான் என்று ஒருவர் சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் 2020இலும் இரு தரப்பிடமும் அதே ஆயுதங்கள் தான் இருந்தன. 2021இல் மாறியது ஆயுதமல்ல, முடிவு. ஒரு பேச்சுக்கு ஆகும் செலவு ஒரு குண்டின் விலையைக் காட்டிலும் குறைவு. அந்தப் பேச்சை ஐந்தாயிரம் முறை குண்டு போட்ட பிறகு தான் பேச வேண்டுமா என்று கேட்கிற உரிமை ஆர்.எஸ். புராவின் நிலமற்ற கூலிக்கு உண்டு.

3. சண்டையில்லாத காலத்துச் சாவு

மோர்ட்டார் சண்டையில் மட்டும் கொல்வதில்லை. வாங்கிய ஆயுதத்தைப் பழக வேண்டும். பழகுவதற்குத் திடல் வேண்டும். திடல் யார் நிலத்தில்?

வெள்ளைக்காரன் 1938இல் களப் பயிற்சிக்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் ஒரு சட்டம் போட்டான். குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட பகுதியை ஆபத்து மண்டலம் என்று அறிவித்து அங்குள்ள சனங்களை வெளியே போகச் சொல்லலாம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. ஜார்க்கண்டின் நேதர்ஹாட் மலையில் அந்தச் சட்டத்தின் கீழ் பயிற்சித் திடல் அறிவித்தபோது அதற்குள் அடங்கிய கிராமங்கள் 245. ஓராவ்ன், முண்டா, அசூர் என்று பழங்குடிகளின் கிராமங்கள். பயிற்சி நாளில் விடியற்காலையில் பிள்ளை குட்டிகளையும் ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வெளியேற வேண்டும், சாயங்காலம் திரும்ப வேண்டும். 1994 மார்ச்சில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு இராணுவ வண்டிகளின் பாதையில் உட்கார்ந்தார்கள். வண்டிகள் திரும்பிப் போயின. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் கூடிக் கூடி, 2022இல் அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில அரசைச் சொல்ல வைத்தார்கள். இருபத்தெட்டு வருசப் போராட்டம். நாம் நம் கூட்டங்களில் கொண்டாட வேண்டிய வெற்றி அது.

காஷ்மீரின் பட்காம் மாவட்டத்தில் தோசமைதான் என்று ஒரு புல்வெளி. 1964 முதல் 2014 வரை பீரங்கிப் பயிற்சித் திடல். வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகள் பிறகு வெடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக ஊரார் கணக்கு. ஆடு மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், விளையாடிய பிள்ளைகள். 2023 மார்ச் 8, ஹோலி நாளில், பீகாரின் கயா மாவட்டம் பாராச்சட்டி வட்டாரத்தில் குலர்பேத் என்ற சிற்றூரில் ஒரு மோர்ட்டார் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். பக்கத்தில் இராணுவப் பயிற்சித் திடல். அங்கிருந்து தவறி வந்து விழுந்த குண்டு என்றே அன்றைக்குச் செய்திகள் வந்தன. இந்த மாதிரி ஊர்களில் குண்டு எப்படி வந்தது என்ற விசாரணை எப்போதும் இரண்டு பாதையில் போகும். வந்து விழுந்ததா, இரும்புக்காகப் பொறுக்கி வந்தார்களா? இரண்டாவது என்றால் செத்தவன் மேலேயே பழி. பித்தளைக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டான் என்பார்கள். குண்டின் ஓட்டைப் பொறுக்கி விற்றுத் தான் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலையில் ஒருவனை வைத்தது யார் என்பது விசாரணை வரம்புக்குள் வராது.

பழையதைக் கழிப்பதும் 'நவீனமயமாக்கல்' கணக்கில் ஒரு பகுதி தான். புதுக் குண்டு வாங்கினால் பழைய குண்டை அழிக்க வேண்டும். 2018 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்தில், புல்காவ் வெடிபொருள் கிடங்குக்குப் பக்கத்தில், காலாவதியான வெடிபொருட்களை அழிக்கிற வேலையில் ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். தேசத்தின் கழிவை அள்ளுகிற வேலை எங்கே போனாலும் யார் கைக்கு வருகிறது என்று பாருங்கள். மலமானாலும் வெடிமருந்தானாலும் நாள் கூலி, கையில் உறை கிடையாது, செத்தால் 'விபத்து'.

கொள்முதல் கோப்பில் ஒரு குண்டின் விலை என்று எழுதுகிறார்களே, அதில் இந்தச் சாவெல்லாம் சேர்ந்திருக்கிறதா? பயிற்சித் திடலுக்குப் போன மேய்ச்சல் நிலம், காலையில் வீட்டைப் பூட்டிப் போன நாட்களின் கூலி, கால் போன பிள்ளை. இவற்றைச் சேர்க்காத விலை பொய் விலை. அந்தப் பொய்யின் மிச்சத்தைக் கட்டுகிறவர்கள் நம்மவர்கள்.

4. துல்லியமாக அடித்தால் அறமா?

நவீனமயமாக்கலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் அறம் பேசுகிற காரணம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பழைய மோர்ட்டார் குத்துமதிப்பாக விழும், புதியதில் தூரம் அளக்கும் லேசர், கணினி, செயற்கைக்கோள் வழிகாட்டல் எல்லாம் உண்டு, குறி தப்பாது, எனவே பொதுமக்கள் சாவது குறையும் என்கிறார்கள். 2011இல் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானில் வழிகாட்டல் பொருத்திய 120 மில்லிமீட்டர் குண்டுகளைக் கொண்டுபோனபோதும் இந்தக் காரணமே சொல்லப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத் தான் இருக்கிறது. தவறி விழுகிற குண்டைக் காட்டிலும் தவறாத குண்டு மேல் தானே?

இதற்குத் தமிழன் பதில் சொல்ல வன்னியைத் தாண்டி எங்கும் போக வேண்டாம். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் இலங்கை அரசே 'சூடு தவிர்ப்பு வலயம்' என்று அறிவித்து, சனங்களை அங்கே போகச் சொல்லி, அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணை அடித்தது. மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்தே இருந்தது, அவையும் அடிபட்டன. இறுதிக் கட்டத்தில் செத்த பொதுமக்களில் பெரும்பாலோர் அரசின் எறிகணை வீச்சில் செத்தவர்கள் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதியது. சனங்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்த புலிகளின் குற்றத்தையும் அதே அறிக்கை எழுதியது. முள்ளிவாய்க்காலில் குறி தப்பியதால் சனங்கள் சாகவில்லை. குறி எது என்று தீர்மானித்த இடத்திலேயே அவர்கள் கணக்கில் இல்லை.

ஆகவே துல்லியம் என்பது குழாயின் குணம். யாரைக் கணக்கில் எடுப்பது என்பது குழாய்க்குப் பின்னால் நிற்கிற அரசின் குணம். முன்னதற்குப் பணம் ஒதுக்கலாம். பின்னதை எந்த ஒதுக்கீட்டிலும் வாங்க முடியாது. தன் குடிமக்களில் ஒரு பகுதியைச் சமமாக எண்ணாத ஓர் அரசு கையில் துல்லியமான ஆயுதம் இருப்பது ஆறுதலா, பயமா என்பதை அவரவர் ஊர் நிலவரத்தை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

5. அம்பேத்கர் கேட்ட கணக்கு

1951 அக்டோபர் 10. அம்பேத்கர் நேருவின் அமைச்சரவையிலிருந்து விலகிய காரணங்களை வெளியிட்டார். இந்துச் சட்ட மசோதாவுக்காக விலகினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதே அறிக்கையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆண்டுக்கு நாம் திரட்டும் 350 கோடி வருவாயில் ஏறக்குறைய 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது, இது நம் வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு என்று கணக்குக் காட்டினார். பட்டியல் சாதியினர் நிலை பழைய மாதிரியே இருக்கிறது, பழைய கொடுமை, பழைய ஒடுக்குமுறை என்பதும் அதே அறிக்கையில் தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினார். நாம் தான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மடித்து வைத்துவிட்டோம்.

பாதிக்கு மேல் இருந்த அந்த விகிதம் இன்றைக்கு இல்லை. 2025-26இல் ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம். விகிதம் குறைந்துவிட்டது என்று திருப்திப்படலாம். ஆனால் அம்பேத்கர் கேட்டது விகிதத்தை மட்டுமல்ல. நாம் யாரோடு பகை, ஏன் பகை, பேசித் தீர்க்கலாமா என்பதை முடிவு செய்யாமல் ஆயுதச் செலவை மட்டும் இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொள்வது ஏன் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதிலில்லை.

அம்பேத்கர் இராணுவ எதிர்ப்பாளர் அல்ல. அவருடைய அப்பா ராம்ஜி சுபேதார். மகர்களுக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டியது பட்டாளம். 1890களில் மகர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று வெள்ளைக்காரன் கதவடைத்தபோது அது ஒரு சமூகத்தின் வயிற்றிலும் மானத்திலும் அடித்த அடி. 1941இல் மகர் ரெஜிமென்ட் மறுபடி எழும்பியதில் அம்பேத்கரின் பங்கு உண்டு. நம் பக்கத்திலும் சென்னை சாப்பர்ஸ், பயனியர் படைகளில் பறையர்கள் தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறார்கள். கோலார், பர்மா, பட்டாளம் என்று ஊரை விட்டு வெளியேறியவன் தான் திரும்பி வந்து சேரியில் முதல் ஓட்டு வீடு கட்டினான். காக்கி உடுப்போடு ஊர்த் தெருவில் நடக்கிறபோது செருப்பைக் கழற்றச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வராது. இந்த அனுபவத்தைக் கேலி செய்கிற சமாதானப் பேச்சு நமக்கு ஆகாது.

"அதான் தோழர், நமக்கும் ஒரு ரெஜிமென்ட் கேப்போம். சாமார் ரெஜிமென்ட்ட 1946ல கலைச்சாங்க இல்ல, அத திருப்பிக் கேப்போம்" என்பார்கள். கேட்கலாம். பங்கு கேட்பது நியாயம். ஆனால் உரலைத் தூக்கிச் சுமக்கிற பங்கும் உரலை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிற பங்கும் ஒன்றல்ல. முன்னது நமக்கு எப்போதும் கிடைத்திருக்கிறது. 1818 கோரேகாவிலும் கிடைத்தது. பின்னது எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை.

அது கிடைக்காமல் செய்ததில் வரவுசெலவுக் கணக்கின் அமைப்புக்கே பங்கு உண்டு. 1979இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகைக்கேற்ப நிதியில் பங்கு என்பது அதன் கொள்கை. ஆனால் அது 'திட்டச் செலவு' என்ற பானைக்குள் மட்டும் செல்லும். பாதுகாப்பு 'திட்டமில்லாச் செலவு' என்ற வேறொரு பானையில் இருந்தது. நாம் கை விட்ட பானை சின்னப் பானை. அந்தச் சின்னப் பானையிலிருந்தும் எடுத்துக்கொண்டு போனார்கள். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் தில்லி அரசு நம் நிதியில் சுமார் 700 கோடியைத் திருப்பிவிட்டது. 2017க்குப் பிறகு பானைகளுக்கிடையே இருந்த அந்தக் கோட்டை அழித்துவிட்டார்கள், ஆனால் பழைய பழக்கம் அழியவில்லை. நம் நிதியைத் திருப்பினால் அது நிர்வாகம். இராணுவ நிதியில் ஒரு கேள்வி கேட்டால் அது துரோகம்.

எல்லா ஆயுதத்தையும் இன்றைக்கே கடலில் போடு என்று நாம் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்வது சுலபம், அதனால் ஒன்றும் நடக்காது. நாம் கேட்க வேண்டியவை சாதாரணமானவை. மோர்ட்டாருக்கு எண்ணுகிற மாதிரி சாக்கடைத் தொழிலாளியின் கவசத்தையும் எண்ணு. பத்து நாள் கையிருப்பு இல்லையென்றால் அதையும் அவசரம் என்று அறிவி. எல்லையில் குழாய் வைப்பதற்கு முன்னால் அங்கே வாழ்கிறவனுக்குக் குழி வெட்டு. பயிற்சித் திடலுக்கு நிலம் எடுப்பதற்கு முன்னால் கிராம சபையைக் கேள். வெடிக்காத குண்டைப் பொறுக்கி அப்புறப்படுத்துகிற செலவை வாங்குகிற விலையிலேயே சேர். அந்த வேலைக்கு நாள் கூலி வைக்காதே. இதையெல்லாம் செய்த பிறகும் மோர்ட்டார் வாங்கப் பணம் மிஞ்சினால், அப்போது எந்த நாட்டோடு என்ன பகை என்று பேசலாம். அந்தப் பேச்சில் ஆர்.எஸ். புராவின் கூலியும் நேதர்ஹாட்டின் ஓராவ்ன் கிழவியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உரலுக்குள் தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயப்படலாமா என்று கேட்பார்கள். நம் தலையை நாமாக விடவில்லை. யார் பிடித்து அமுக்கியது, எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டு அமுக்கியது என்பதை வரவுசெலவு அறிக்கை ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதி அச்சடித்துக் கொடுக்கிறது. அதை வாங்கிப் படிக்க வேண்டியது தான் பாக்கி. நம் மாணவர் விடுதிகளில், படிப்பு வட்டங்களில், நலத்துறைப் பக்கத்தைப் புரட்டுகிற கையோடு பாதுகாப்புத் துறைப் பக்கத்தையும் புரட்டுவோம்.